கப்பலில் வந்த கலை, கரையில் விளைந்த ரசனை



இன்று போர்ட் கிள்ளான் என்று வழங்கும் துறைமுகத்துக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1901இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேசும் சரித்திரப் புத்தகங்கள் ரப்பரையும் ஈயத்தையும் கூலியாட்களையும் பற்றிப் பேசுகின்றன. அவையெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒரு சரக்கும் அங்கே இறங்கியது. ஆர்மோனியப் பெட்டி இறங்கியது. மிருதங்கம் இறங்கியது. தகர டப்பாவில் அடைத்த படச்சுருள் இறங்கியது. கட்டுக்கட்டாக வார இதழ்கள் இறங்கின. கோலாலம்பூர்த் தமிழர்களின் கலை வாழ்வுக்கு வாசற்படி கோலாலம்பூரில் இல்லை. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, கிள்ளானுக்கும் அப்பால், கடலோரத்தில் இருந்தது.

1940களின் கடைசியிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரையிலான காலத்தைப் பற்றியது இந்த உரை. கேள்வி ஒன்றுதான். கப்பலில் வருவதை வாங்கி அனுபவித்துக்கொண்டிருந்த ஓர் ஊர், அந்த வாசல் பாதி மூடியபோது என்ன செய்தது?

கப்பல் என்றால் அந்தத் தலைமுறைக்கு 'ரஜூலா'. 1926இல் கடலுக்கு வந்த அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. டெக்கில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். மனிதர்களுக்கு ஒரு வாரம் என்றால் இதழ்களுக்கும் அதே ஒரு வாரம்தான். 'பொன்னியின் செல்வன்' கல்கியில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வாசகருக்கு வந்தியத்தேவன் குதிரையில் வரவில்லை, கப்பல் ஏறித்தான் வந்தான். கப்பல் பிந்தினால் கதையும் பிந்தியது.

துறைமுகத்திலிருந்து ரயில் ஏறினால் கிள்ளான், பிறகு கோலாலம்பூர். இந்த ரயில் பாதைக்கும் நகரத்தின் கலை வாழ்வுக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதல்ல. கோலாலம்பூர், கிள்ளான் ரயில் 1886இல் ஓடத் தொடங்கியது. அதை நடத்த ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமார் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தண்டவாள வேலைக்கும் பட்டறை வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குடியிருப்பாக மாறியது. ரொசாரியோ சாலையில் வரிசையாக நின்ற 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் இன்று இல்லை. ஆனால் அந்த வீடுகளின் மாலை நேரம் எப்படி இருந்தது என்பதை அங்கே வளர்ந்தவர்கள் இன்னும் சொல்வார்கள். ஒரு வீட்டில் வீணை, அடுத்த வீட்டில் தேவாரம், மூன்றாவது வீட்டில் கிராமபோன்.

பகலில் கணக்கு எழுதியவர்கள் மாலையில் சபை நடத்தினார்கள். ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த விவேகானந்தா ஆசிரமம், 1920களில் தொடங்கிய சங்கீத அபிவிருத்தி சபா எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். மாதச் சம்பளக்காரர்கள் சந்தா கட்டி வளர்த்த அமைப்புகள் இவை. மன்னரும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. தஞ்சாவூரில் கலையைக் காத்தவர்கள் நிலம் வைத்திருந்தார்கள் என்றால், பிரிக்பீல்ட்ஸில் காத்தவர்கள் ரயில்வே பாஸ் வைத்திருந்தார்கள்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு விஷயம் உண்டு. சபாவின் நாற்காலிக்கும் தோட்டத்து லயத்துக்கும் இடையே தூரம் அதிகம். காப்பார் பக்கத்திலும் கிள்ளானைச் சுற்றியும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் காமன் கூத்து நடந்தது. வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் விடிய விடிய ஆடப்பட்டன. ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். பகலில் பால்மரம் சீவிய கைதான் இரவில் தவில் அடித்தது. இதைச் சபாக்காரர்கள் கலை என்று எண்ணினார்களா என்பது சந்தேகம். தோட்டத்து ஆட்களும் கச்சேரிக்கு அழைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரே கப்பலில் வந்தவர்கள்தான், ஆனால் ஒரே பந்தியில் உட்காரவில்லை. இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்த இடம் சினிமாக் கொட்டகைதான். பத்து ரோட்டில் 1920களின் தொடக்கத்திலிருந்தே இருந்த கொலிசியமும், பிரிக்பீல்ட்ஸின் லிடோவும் அந்த வேலையைச் செய்தன. அங்கேயும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று டிக்கெட் உண்டு. இருந்தாலும் விளக்கு அணைந்ததும் பாட்டு எல்லாருக்கும் ஒன்றுதான்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் எத்தனையோ கூத்து வாத்தியார்களும் பாட்டுக்காரர்களும் இருந்திருப்பார்கள், அவர்களுக்குக் கணக்கு இல்லை. போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம். ஊரடங்கு உள்ள இடத்தில் விடிய விடியக் கூத்து எப்படி நடக்கும்? தோட்டக் கலைகள் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வாங்கிய அடி பெரியது.

அதற்கு நடுவே ஒரு வேடிக்கையும் நடந்தது. கொரியப் போரால் 1950, 1951இல் ரப்பர் விலை ஏறியது. கையில் கொஞ்சம் காசு புழங்கியது. படம் பார்க்க, பத்திரிகை வாங்க, நாடகத்துக்கு நன்கொடை கொடுக்க ஆள் கிடைத்தார்கள். நகரமும் வீங்கியது. 1947இல் கோலாலம்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,76,000. 1957இல் அது 3,16,000ஐத் தொட்டது.

இந்த நேரத்தில்தான் வாசல் மூடத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை டிக்கெட் எடுத்தவர் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு, தொழில் தேர்ச்சியோ வேலை ஒப்பந்தமோ குடும்பத் தொடர்போ காட்ட வேண்டியிருந்தது. பாட்டு வாத்தியார் ஒருவர் 'பிழைக்கலாம்' என்ற நம்பிக்கையை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கும் காலம் முடிந்தது. இன்னொரு பக்கம், வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பெருகிக்கொண்டிருந்தார்கள். 1947 கணக்கெடுப்பின்போது மலாயா இந்தியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இங்கே பிறந்தவர்கள். 1957இல், மொத்த இந்தியர் ஏறத்தாழ 7 லட்சம் என்றிருந்தபோது, இங்கே பிறந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிட்டார்கள். நாகப்பட்டினத்தைப் பார்க்காத ஒரு தலைமுறை எழுதவும் பாடவும் ஆசைப்பட்டது. அவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

இங்கேதான் கோலாலம்பூரின் பத்திரிகை அலுவலகம் ஒன்று பள்ளிக்கூடமாக மாறியது. நரசிம்ம ஐயங்கார் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1950இல் தன் பக்கங்களில் 'கதை வகுப்பு' நடத்தியது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். சிறுகதை என்றால் என்ன, எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பாடம் அச்சில் வந்தது. படித்தவர்கள் பயிற்சி எழுதி அனுப்பினார்கள். தேர்வும் உண்டு, தரம் பிரிப்பதும் உண்டு.

இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். கதை எழுதுவதற்கு வகுப்பா, அதுவும் தபாலிலா? ஆனால் அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத விரும்பியவர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பக்கத்தில் நூலகம் இல்லை. புதுமைப்பித்தன் என்ற பெயரைச் சொல்லித்தர ஆள் இல்லை. தன் கதை ஏன் திரும்பி வந்தது என்று விளக்க எந்த ஆசிரியருக்கும் நேரம் இல்லை. அப்படிப்பட்டவருக்கு, வாரக் கடைசியில் வரும் பத்திரிகையே வாத்தியார் ஆனது. தன் பயிற்சிக்கு ஒரு மதிப்பெண் வந்தது என்பதே அவர் வாழ்க்கையில் பெரிய செய்தி. 1950க்கு முன்பும் மலாயாவில் தமிழ்க் கதைகள் உண்டு. க. வெங்கடரத்தினத்தின் 'கருணாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இலேயே வந்துவிட்டது. ஆனால் அவை தனி மனிதர்களின் முயற்சி. ஒரு கூட்டமே சேர்ந்து எழுதப் பழகியது கதை வகுப்புக்குப் பிறகுதான்.

அடுத்து சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' ஒரு படி மேலே போனது. அதில் வந்தது 'ரசனை வகுப்பு'. எழுதக் கற்பதோடு போதாது, படிக்கவும் கற்க வேண்டும் என்பது அதன் எண்ணம். அதை நடத்திய 'கந்தசாமி வாத்தியார்' வேறு யாருமல்லர், நேசனின் சுப. நாராயணனேதான். அப்போது சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் நடுவே பாஸ்போர்ட் கோடு கிடையாது. அங்கே வந்த பாடம் இங்கே ஒட்டுக்கடை மேசையில் விவாதிக்கப்பட்டது.

1952இல், சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்திய ஆண்டு, தமிழ் நேசனுக்கு ஆசிரியர் பொறுப்பில் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் கு. அழகிரிசாமி. கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள இடைசெவல்காரர். வயது இருபத்தொன்பது. வை. கோவிந்தனின் 'சக்தி' பத்திரிகையில் பணியாற்றியவர். கதை எழுதுபவர், அதோடு கம்பனில் தோய்ந்தவர், விளாத்திகுளம் சுவாமிகளிடம் சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்காரர். இப்படி மூன்றும் சேர்ந்த ஒருவர் பத்திரிகை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தது கோலாலம்பூரின் அதிர்ஷ்டம்.

ஐந்து ஆண்டுகள் இருந்தார். எழுத்தாளர்களைக் கூட்டி 'இலக்கிய வட்டம்' நடத்தினார். கதைகளைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு. பிழையோடு எழுதுவதை அவரால் பொறுக்க முடியாது. ஆசிரியர் மேசையில் கண்டிப்பு இருந்தால் மனக்கசப்பும் இருக்கத்தான் செய்யும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் தமிழ்நாட்டு அளவுகோலை வைத்து மலாயாக் கதையை அளப்பது நியாயமா? லயத்து வாழ்க்கையும் கித்தா மரமும் பசாரின் பேச்சும் அவருக்கு எவ்வளவு பிடிபட்டிருக்கும்? இந்தக் கேள்வி பின்னாளில் மலேசிய எழுத்தாளர்களிடையே பலமுறை எழுந்தது, வேறு வேறு விருந்தாளிகளை முன்னிட்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அழகிரிசாமியின் விஷயத்தில் வேறொன்றையும் பார்க்க வேண்டும். அவர் வந்து பாராட்டிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு போனவர் அல்லர். உட்கார்ந்து திருத்தியவர். பாராட்ட ஒரு மாலை நேரம் போதும், திருத்துவதற்கு ஐந்து ஆண்டுகள் வேண்டும். 1955இல் அவர் திருமணமே மலாயாவில் நடந்தது. 1957இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், ஊர் திரும்பினார். 1970இல் மறைந்தார். அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பின் 'அன்பளிப்பு' நூலுக்குக் கிடைத்தது. அவர் தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருக்கின்றன. கோலாலம்பூரில் அவர் திருத்திய கைப்பிரதிகள் எதுவும் நூலாகவில்லை.

அழகிரிசாமி போன பிறகு யார்? இங்கேயே பழகியவர்கள்தான். 1962இல் எழுத்தாளர்களுக்கென்று சங்கம் உருவானது. அந்தத் தலைமுறையின் மா. இராமையா, 1978இல் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே நூலாக எழுதி வெளியிட்டார். வாசல் பாதி மூடிய பிறகு ஊர் செய்த முதல் காரியம் இது: எழுத்துக்குத் தன் ஆட்களைத் தானே தயாரித்துக்கொண்டது.

இரண்டாவது பள்ளிக்கூடம் வானொலி. ரேடியோ மலாயா 1946இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது. அவசரகாலத்தில் அரசாங்கம் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. கொடுத்ததன் நோக்கம் கலை வளர்ப்பு அல்ல, பிரச்சாரம். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான செய்தி காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் செய்திக்கு முன்னும் பின்னும் பாட்டு இருந்தது, நாடகம் இருந்தது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எதைக் கேட்கக் காத்திருந்தார்கள் என்பது அதிகாரிகளுக்கும் தெரிந்தே இருக்கும். சபாவுக்கு அழைக்கப்படாத தோட்டத்துக் குடும்பம், அதே சபாவில் பாடுகிறவரின் குரலைக் கூலி லயத்தில் கேட்டது. உள்ளூர்க் கலைஞருக்குச் சம்பளச் சீட்டு கொடுத்த இடமும் வானொலிதான். ரெ. சண்முகம் போன்ற பாடகர், நாடகக் கலைஞர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்த குரலானது அதனால்தான். 1963 டிசம்பர் 28ஆம் தேதி அம்பாங் சாலை துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து தொலைக்காட்சி தொடங்கியபோது, புதிய பெட்டிக்கு வேண்டிய ஆட்கள் பழைய பெட்டியில் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

சினிமாவில் நடந்தது இன்னும் விசித்திரம். தமிழ்ப் படம் கப்பலில் வந்துகொண்டே இருந்தது. ஆனால் மலாய்ப் படத்தை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ, சென்னையிலும் வடக்கிலும் தொழில் பழகிய இயக்குநர்களை வரவழைத்தது. அவர்களில் எல். கிருஷ்ணன் தனித்து நிற்கிறார். தமிழ்நாட்டில் பிறந்தவர், சிறு வயதிலேயே வந்து பினாங்கில் வளர்ந்தவர், போருக்குப் பின் சென்னை ஸ்டூடியோக்களில் வேலை கற்றவர். பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் அவர்தான். மலாய் ரசிகர்களின் கண்ணில் ரம்லி எவ்வளவு பெரிய கலைஞர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பயணத்தின் முதல் படியில் ஒரு தமிழரின் கை இருந்தது என்பது தமிழர்களுக்கே அதிகம் தெரியாது.

அந்தக் காலத்து மலாய்ப் படங்களில் கதையை நிறுத்திவிட்டுப் பாட்டு வருவதும், அழுகைக்கு நடுவே நகைச்சுவை ஜோடி நுழைவதும் எங்கிருந்து வந்தன என்று தேட வேண்டியதில்லை. அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பினாங்கில் வந்திறங்கிய பார்சி நாடகத்திலிருந்துதான் மலாய்ப் பங்சாவான் கூத்து பிறந்தது. கடன் வாங்குவது இந்த நாட்டுக் கலைக்குப் புதிதல்ல. 1960இல் ஊலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோ எழுந்தது. கிருஷ்ணன் அங்கே வந்தார். 1964இல் ரம்லியும் கோலாலம்பூருக்கு வந்தார். இவ்வளவும் நடந்தும் அதே தரத்தில் ஒரு தமிழ்ப் படத் தொழில் இங்கே எழவில்லை. காரணம் எளிது. முதலாளி கணக்குப் போட்டால், இங்கே ஒரு தமிழ்ப் படம் எடுப்பதைவிடச் சென்னைப் படச்சுருளை இறக்குமதி செய்வது மலிவு. கதையை இறக்குமதி செய்வதற்குத் தடையாக இருந்த வறுமையும் தூரமும் சினிமாவுக்குத் தடையாக இருக்கவில்லை.

பல்கலைக்கழக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழே முதன்மை பெற வேண்டும் என்று சாரங்கபாணி தமிழ் முரசில் முழங்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டப்பட்டது. துறைமுகத் தொழிலாளியும் கொடுத்தார், தோட்டத் தொழிலாளியும் கொடுத்தார், வெள்ளி வெள்ளியாகச் சேர்ந்தது. 1956இல் துறை சிங்கப்பூரில் தொடங்கி, பின்னர் கோலாலம்பூர் லெம்பா பந்தாய் வளாகத்துக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். சென்னை மாநில முதல்வர் பக்தவத்சலம் விருந்தினராக வந்தார். இரண்டாம் மாநாடுதான் 1968இல் சென்னைக்குப் போனது. காப்பாரில் பால் வெட்டியவர் கொடுத்த ஒரு வெள்ளிக்கும், உலக அறிஞர்கள் உட்கார்ந்த அந்த மண்டபத்துக்கும் நேரான கோடு இழுத்துவிட முடியாது. ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது.

எல்லாக் கலையும் இப்படி வேர் பிடிக்கவில்லை. நாதஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கதையைத் தபாலில் கற்கலாம், நாதஸ்வரத்தைத் தபாலில் கற்க முடியாது. பத்து வயதில் தொடங்கி, குருவின் வீட்டிலேயே கிடந்து, ஆண்டுக்கணக்கில் ஊத வேண்டிய வாத்தியம் அது. தோட்டப் பள்ளிக்கும் வேலைக்கும் நடுவில் அதற்கு இடம் இல்லை. உள்ளூரில் கற்றுத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கோயில்களின் எண்ணிக்கைக்கு அவர்கள் போதாது. அதனால் இன்றும் கோயில் நிர்வாகங்கள் தமிழ்நாட்டுக் கலைஞர்களுக்கு வேலைப் பெர்மிட் கேட்டு மனுப் போடுகின்றன. 1953இல் எழுந்த கேள்விக்கு இந்த ஒரு கலையில் விடை வரவில்லை.

எழுத்து வேர் பிடித்தது உண்மைதான், ஆனால் அதன் முதல் பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றனவா? தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ரசனை வகுப்பில் யார் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதை வீட்டில் இருந்தபடியே தேடிப் படிக்கலாம். தமிழ் நேசன் 2019இல், 94 ஆண்டுகளுக்குப் பிறகு, நின்றது. கதை வகுப்பின் பாடங்களும், தேறியவர்களின் பெயர்களும், அழகிரிசாமி காலத்து ஞாயிறு இதழ்களும் அதே எளிமையோடு வாசகர் கைக்கு எட்டவில்லை. வானொலியில் நேரலையாகப் போன நாடகங்கள் காற்றோடு போயின. மேடை நாடகப் பிரதிகள் நோட்டுப் புத்தகங்களில் கையெழுத்தாக இருந்தன. குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோதும், மரப்பெட்டிக்குள் கிடந்த நோட்டுப் புத்தகத்தை யார் எடுத்து வைத்தார்கள்? அன்றைக்கு இருபது வயதில் கதை எழுதி அனுப்பியவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்கும். அப்படி ஒருவர் கிள்ளானிலோ செந்தூலிலோ இருந்தால், அவரிடம் கேட்டுப் பதிந்துகொள்ள இருக்கும் காலம் மிகக் குறைவு.

1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. வசதி உள்ளவர்கள் கப்பலை மறந்தார்கள். 1973இல் ரஜூலா இந்தத் தடத்தை விட்டு விலகியபோது, அது வழக்கமாக வந்து நின்ற துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளான் என்று மாறி ஓர் ஆண்டு ஆகியிருந்தது.